தரையே இல்லாத சனி

போன செமஸ்டரில் எனக்கு இரண்டு அரியர். "ஏழரைச் சனி நடக்குதுடா, அதான் பாடாப் படுத்துது" என்றார் அம்மா. நம்மைப் படுத்துகிறவர் எப்படி இருக்கிறார் என்று பார்த்துவிடலாமே என்று படிக்க உட்கார்ந்தேன். (அரியர் பாடத்தைத்தான் படித்திருக்க வேண்டும், தெரியும்!)

நண்பர்களே, சனியில் கால் வைக்கத் தரையே கிடையாது. பெரும்பாலும் ஹைட்ரஜனும் ஹீலியமும்தான். நிறை பூமியைப் போல் 95 மடங்கு. ஆனால் சராசரி அடர்த்தி தண்ணீரைவிடக் குறைவு, கன சென்டிமீட்டருக்கு 0.69 கிராம். சுமார் பத்தரை மணி நேரத்தில் தன்னைத்தானே சுற்றிவிடுகிற வேகத்தில் இடுப்பு பிதுங்கி, துருவங்கள் தட்டையாகிவிட்டன. உள்ளே போகப் போக அழுத்தம் ஏறி ஹைட்ரஜன் திரவமாகிறது. இன்னும் ஆழத்தில் உலோகம் போல மின்சாரம் கடத்துகிறது. வாயு முடிந்து திரவம் தொடங்கும் இடம் இதுதான் என்று கோடு போட முடியாது. 2017 செப்டம்பர் 15-ல் காசினி விண்கலம் உள்ளே பாய்ந்தபோது மோத எதுவும் இல்லை. மேல் வளிமண்டலத்திலேயே எரிந்து போனது.

சூரியனை ஒரு முறை சுற்ற ஏறக்குறைய 29½ வருடம். 12 ராசிக்குப் பங்கு போட்டால் ராசிக்கு சுமார் இரண்டரை. மூன்று ராசிக்கு ஏழரை. கணக்கு சரிதான் என்று அம்மாவிடம் சொன்னேன்.

"அப்ப சனிக்கிழமை எள் விளக்கு போட்டுட்டு வா" என்றார்.

போட்டுவிட்டு வந்து, அரியர் பரீட்சைக்குப் பணம் கட்டினேன்.