வெண்மையின் விலை

பாரிஸ் மெட்ரோவின் 10ஆம் தடத்தில், சேன் நதிக்கரையை ஒட்டி இருக்கிறது ‘ஜாவெல் - ஆந்த்ரே சித்ரோயன்’ நிலையம். பெயரின் பின்பாதி, இங்கே கார் தொழிற்சாலை நடத்தியவருடையது. முன்பாதி, ஒருகாலத்தில் நகருக்கு வெளியே இருந்த கிராமத்தினுடையது. பிரெஞ்சு வீடுகளில் இன்றும் துணி வெளுக்கவும் தரை கழுவவும் பயன்படும் ‘ஜாவெல் நீர்’ பிறந்தது இந்தக் கரையில்தான். குளோரினுக்கு வெளுக்கும் சக்தி உண்டு என்று வேதியியலாளர் பெர்த்தொலே 1780களில் காட்டினார். ஜாவெலில் இருந்த ரசாயன ஆலை அதைத் திரவமாக்கி விற்றது.

சலவைக்கு வந்த சரக்கு சீக்கிரமே கலைக்கும் வைத்தியமானது. செப்புத்தகட்டிலும் மரக்கட்டையிலும் செதுக்கித் தாளில் அச்சிட்ட பழைய ஓவியங்கள் பழுப்பேறிக் கிடந்தன. அழுக்கைப் போக்க ரொட்டித் துணுக்குகளால் தேய்ப்பார்கள். கறை நீங்க, நனைத்து வெயிலில் பரப்புவார்கள். பொறுமை வேண்டிய வேலை. குளோரினுக்கோ கொஞ்ச நேரம் போதும். பழைய அச்சோவியங்களை அதனால் புதுப்பிக்கலாம் என்று 1787இல் ஷாப்தால் எழுதினார்.

இதில் ஒரு வசதியும் இருந்தது. அச்சு மை என்பது கரியும் ஆளிவிதை எண்ணெயும் கலந்தது. தண்ணீரில் கரையாது, கரியைக் குளோரினாலும் வெளுக்க முடியாது. கோடுகள் கறுப்பாகவே நிற்க, தாள் மட்டும் வெளுத்தது. 1846இல் பாரிஸ் சேகரிப்பாளர் பொனார்தோ, அச்சோவியங்களைச் செப்பனிடுவது பற்றித் தனி நூலே வெளியிட்டார்.

விலை பின்னால் தெரிந்தது. குளோரின் கறையோடு நிற்காமல் தாளின் நாரையும் அரித்தது. சரியாக அலசப்படாத தாள்கள் நாளடைவில் வலுவிழந்து நொறுங்கின. கந்தைத் துணியில் செய்த பழந்தாளுக்கே உரிய இளமஞ்சள் சாயலும் போனது.

நதியின் மறுகரையில், ரிஷ்லியூ தெருவில் இருக்கிறது தேசிய நூலகத்தின் அச்சோவியப் பிரிவு. 1667இல் 14ஆம் லூயி மன்னருக்காகக் கொல்பேர் வாங்கிய மரோல் பாதிரியாரின் சேகரிப்பே அதன் அடித்தளம். சுமார் 1,23,000 படங்கள்.

இன்றைய காப்பாளர்களின் கருவிகள் மிகச் சாதாரணமானவை: சுத்தமான நீர், அமிலத்தை முறிக்கும் கால்சியக் கரைசல், கோதுமை மாவுப் பசை, மெல்லிய ஜப்பானியத் தாள். ஒட்டியதைப் பிறகு பிரித்தெடுக்க முடிய வேண்டும் என்பது விதி. கண்காட்சியில் வெளிச்சம்கூட 50 லக்ஸ் அளவில்தான். வெளுப்பது கடைசி வழி. முந்நூறு வயதுத் தாள் பளீரென்று வெள்ளையாக இருந்தால், விஷயம் தெரிந்தவர்கள் மெச்சுவதில்லை, சந்தேகப்படுகிறார்கள்.