எடையும் ஏற்றமும்



துருக்கியர் மல்யுத்தத்தைத் தம் மூதாதையர் விளையாட்டு என்று போற்றுவர். அந்நாட்டின் எடிர்னே நகரில் ஆண்டுதோறும் நடைபெறும் கிர்க்பினார் விழாவில், தோலாலான காற்சட்டை அணிந்து, உடல் முழுவதும் ஆலிவ் எண்ணெய் பூசிய வீரர்கள் புல்வெளியில் மோதுவர். பல நூற்றாண்டுப் பழமை வாய்ந்த இவ்விழாவை யுனெஸ்கோ 2010ஆம் ஆண்டில் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. 1936ஆம் ஆண்டு பெர்லின் ஒலிம்பிக்கில் துருக்கிக்கு முதல் தங்கத்தை ஈட்டித் தந்த யாஷார் எர்கானும் மல்யுத்த வீரரே.

ஆயினும், இந்தப் பெருமை முழுவதும் நெடுங்காலம் ஆண்களுடையதாகவே இருந்தது. ஒலிம்பிக்கில் மகளிர் மல்யுத்தம் இடம்பெற்றதே 2004ஆம் ஆண்டு ஏதென்ஸ் நகரில்தான். துருக்கியப் பெண் ஒருவர் அதில் பதக்கம் பெற 2021 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. எர்கானின் தங்கத்திற்கும் அந்தப் பதக்கத்திற்கும் இடையே 85 ஆண்டுகள்! அதனைப் பெற்றவர் யாசெமின் அடார்.

1991ஆம் ஆண்டு பாலிகேசிர் நகரில் பிறந்த அடார், முதலில் குண்டு எறிதலில் ஈடுபட்டுப் பின்னரே மல்யுத்தத்திற்கு வந்தவர். அவர் போட்டியிட்டது பிரீஸ்டைல் எனப்படும் கட்டற்ற முறையில். எதிராளியின் காலைப் பற்றி வீழ்த்துவதற்கும் இம்முறையில் இடமுண்டு. எதிராளியின் இரு தோள்களையும் விரிப்பில் அழுத்திவிட்டால் ஆட்டம் அத்துடன் முடியும். பத்துப் புள்ளிகள் முன்னிலை பெற்றாலும் வெற்றிதான்.

இவ்விளையாட்டில் என்னைப் பெரிதும் கவர்ந்தது அதன் எடைப் பிரிவுமுறை. தோக்கியோ ஒலிம்பிக்கில் மகளிர்க்கு 50, 53, 57, 62, 68, 76 கிலோ என ஆறு பிரிவுகள் இருந்தன. மெலிந்தவருக்கும் இடமுண்டு, பருத்தவருக்கும் இடமுண்டு. அடார் போட்டியிட்டது மிகக் கனத்த பிரிவில். முன்பு 75 கிலோவாக இருந்த அப்பிரிவு 2018 முதல் 76 கிலோ ஆனது. பிற இடங்களில் கேலிக்குரியதாகக் கருதப்படும் எண், அங்கே போட்டியில் நுழைவதற்கான தகுதியாகிறது.

நம் பள்ளிகளுக்கு வருவோம். மாணவர்களின் எடையையும் உயரத்தையும் பதிவு செய்யும் நாளில் வகுப்பறையைக் கவனித்திருக்கிறீர்களா? எடைக் கருவியின்மீது ஏறத் தயங்கி, வரிசையின் கடைசிக்கு நழுவிச் செல்லும் மாணவி ஒருத்தியேனும் இருப்பாள். அவளது எடை உரக்க வாசிக்கப்பட்டதும் சிரிப்பொலி எழும். அன்று மாலைக்குள் 'குண்டு' என்பது அவள் பெயராகிவிடும். வீட்டிலும் உறவினர் கூடும் விசேஷங்களில் அதே பேச்சுத்தான். ஆண் பிள்ளை வாட்டசாட்டமாக இருந்தால் 'பலசாலி' என்கிறோம். பெண் பிள்ளை அவ்வாறு இருந்தால் 'இவளை யார் கட்டிக்கொள்வார்?' என்கிறோம். உடல்நலம் பேணுதல் வேறு. உருவத்தை எள்ளுதல் வேறு. முன்னது நம் கடமை, பின்னது கொடுமை.

அடாரின் பாதையும் மலர் தூவிய பாதையன்று. 2016ஆம் ஆண்டு ஐரோப்பிய வெற்றியாளராக வாகை சூடினார். ஆனால் அதே ஆண்டு ரியோ ஒலிம்பிக்கிலிருந்து வெறுங்கையுடன் திரும்பினார். அடுத்த ஆண்டே பாரிசில் நடைபெற்ற உலகப் போட்டியில் தங்கம் வென்று, மல்யுத்தத்தில் உலக வெற்றியாளரான முதல் துருக்கியப் பெண் எனும் சிறப்பைப் பெற்றார். 2018இல் இறுதிச் சுற்றில் அமெரிக்காவின் அடலைன் கிரேயிடம் தோற்று வெள்ளியுடன் நின்றார். 2021ஆம் ஆண்டு நடைபெற்ற தோக்கியோ ஒலிம்பிக்கில் வெண்கலம். 2022இல் பெல்கிரேடில் மீண்டும் உலகத் தங்கம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் அவருக்குப் பதக்கமில்லை. எனினும் அங்கே துருக்கிய மகளிர் மல்யுத்தம் பதக்கமின்றித் திரும்பவில்லை. 68 கிலோ பிரிவில் புசே தோசுன் சவுஷோலு வெண்கலம் வென்றார். அவர் 2023ஆம் ஆண்டின் உலக வெற்றியாளருமாவார். ஒருவர் திறந்த வாயில் வழியே மற்றொருவர் நுழைந்துவிட்டார்.

நம் பிள்ளைகள் அனைவரும் மல்யுத்தம் பயில வேண்டுமென்று நான் கூறவில்லை. பள்ளி விளையாட்டுப் போட்டி என்றதும் ஓட்டப்பந்தயத்தையே அளவுகோலாகக் கொள்கிறோம். ஓட்டத்தில் கடைசியாக வருபவளை விளையாட்டுக்கே உதவாதவள் என முடிவுகட்டிவிடுகிறோம். குண்டு எறிதலோ, வட்டெறிதலோ, கயிறு இழுத்தலோ அவளுக்குக் கைகூடுமா என்று பார்ப்பதேயில்லை. அவளிடம் இருக்கும் வலிமையை முதலில் காண வேண்டியவர்கள் நாமல்லவா?

ஆசிரியர்களே, அடுத்த முறை எடையைப் பதியும்போது எண்ணை உரக்கக் கூறாதீர்கள், அமைதியாக எழுதிக்கொள்ளுங்கள். பெற்றோர்களே, விருந்தினர் முன்னிலையில் மகளின் உருவத்தைப் பேச்சுப் பொருளாக்காதீர்கள். 'குண்டு' என்று அவளை அழைப்பதை விடுத்து, அவள் கையில் ஓர் எறிகுண்டைக் கொடுத்துப் பாருங்கள். அது எவ்வளவு தொலைவு செல்லும் என்பதை அவளே நமக்குக் காட்டட்டும்.

சிந்திப்போம், செயல்படுவோம்.