கரையேறுவது யார்?

சகோதரிகளே, 'கரையேறுதல்' என்ற சொல்லை உங்கள் வீட்டில் எதற்குப் பாவிக்கிறீர்கள்? எங்கள் மட்டக்களப்புப் பக்கத்தில் அது கலியாணப் பேச்சில்தான் அதிகம் வரும். "மூத்த குமரக் கரையேத்திட்டம், இன்னும் ரெண்டு இருக்கு" என்று பெருமூச்சு விடாத உம்மாமார் குறைவு.

வாவியின் இரு பக்கங்களுக்கும் எழுவான்கரை, படுவான்கரை என்று பெயர் வைத்திருக்கும் மண் இது. மண்முனையில் 2014ஆம் ஆண்டு பாலம் திறக்கும்வரை அந்தத் துறையில் படகுப்பாதையில் ஏறித்தான் அக்கரைக்குப் போவோம். கரை என்றால் என்னவென்று யாரும் எங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் அந்த வினைச்சொல்லை நான் நின்று யோசித்தது என் ராத்தாவின் மகளால்தான்.

அவள் என்னோடு இருந்து படிக்கிறாள். அடுத்த வருடம் சாதாரண தரப் பரீட்சை. துன்பத்திலிருந்து விடுபடுவதைக் குறிக்கும் சொற்களைப் படித்துக்கொண்டிருந்தவள், "சாச்சி, தப்பு என்டாலும் குற்றம், பிழை என்டாலும் குற்றம். ரெண்டையும் சேர்த்துத் 'தப்பிப் பிழைச்சான்' என்டா மட்டும் எப்படி நல்லதாகுது?" என்று கேட்டாள்.

நல்ல கேள்விதானே! குறி தவறுவதைத்தான் இரண்டு சொல்லும் சொல்கின்றன என்றேன். வேடன் விட்ட அம்பு குறி தவறினால் அவனுக்கு அது பிழை. மானோ பிழைத்துக்கொண்டது.

மற்றச் சொற்களுக்குக் கதைகளைத் தேடினோம். ஏழு பயணம் போன சிந்துபாத், கப்பல் உடைந்து மரத்துண்டைப் பிடித்துக்கொண்டு மிதந்தவன், நிஜமாகவே கரையேறினான். அதில் சிக்கல் இல்லை. நம் நாட்டு அறிஞர் சித்திலெப்பை 1885இல் எழுதிய 'அசன்பே சரித்திரம்' வேறு விதம். எகிப்தில் பிறந்த குழந்தையைக் கடத்திப் பம்பாய்க்குக் கொண்டுவந்துவிடுகிறார்கள். வளர்ந்து ஆளாகித் தன் சொந்தங்களிடம் போய்ச் சேர்கிறான். இவனைத் 'தப்பினான்' என்று சொல்ல மனம் வரவில்லை. 'மீண்டான்' என்று எழுதிக்கொண்டாள். இழந்த இடத்துக்கே திரும்பி வருவதற்கு அந்தச் சொல்தான் பொருத்தம். (சித்திலெப்பை பெண்பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூடம் வேண்டுமென்று பாடுபட்டவர். அதையும் அவளுக்குச் சொல்லி வைத்தேன்.)

ஆயிரத்தொரு இரவுகளில் வரும் ஷஹ்ரஸாத்திடம்தான் நாங்கள் நெடுநேரம் நின்றோம். நாளுக்கொரு பெண்ணை மணந்து விடியும்போது கொன்றுவிடும் அரசன். அவளோ மந்திரியின் மகள், வாப்பா தடுத்தும் கேளாமல் தானாகவே அவனை மணக்கப் போனவள். கரையில் நின்றவள் ஆழம் தெரிந்தே தண்ணீரில் இறங்கினாள் என்று வையுங்கள். கதையை விடியும் நேரத்தில் பாதியில் நிறுத்தி நிறுத்தித் தானும் கரையேறினாள், பின்னால் வரவிருந்த பெண்களையும் கரையேற்றினாள். தமிழின் முதல் நாவலான 'பிரதாப முதலியார் சரித்திர'த்தில் (1879) ஞானாம்பாளும் அப்படித்தான். ஆண் வேடத்தில் புருஷனைத் தேடிப் போய், அந்நிய ஊரில் அரசனாகவே ஆகி, சிறையில் கிடந்தவரை மீட்கிறாள்.

கரையேறு தன்வினை, கரையேற்று பிறவினை. இலக்கணம் அவ்வளவுதான். கதைகளில் இரண்டு வினைக்கும் பெண்ணே எழுவாயாக வருகிறாள். கலியாணப் பேச்சில் மட்டும் அவள் எப்போதும் செயப்படுபொருள்! குமரைக் கரையேற்ற வேண்டுமாம். அந்தப் பிள்ளை எந்தத் தண்ணீரில் தத்தளித்தது? பாடப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு வீட்டில்தானே இருக்கிறது?

தத்தளிப்பது வேறு ஆள், சகோதரிகளே. எங்கள் பகுதியில் பெண்ணுக்கு வீடு கொடுத்துக் கட்டிக்கொடுக்கும் வழக்கம். மூன்று பெண்பிள்ளைகள் என்றால் மூன்று வீடு. இந்த ஒருத்தியின் வீட்டுக்காகத்தான் என் ராத்தா நாலு வருடமாகக் குவைத்தில் இன்னொருவர் வீட்டைக் கூட்டித் துடைக்கிறா. இங்கே சுவர் எழும்பி நிற்கிறது, கூரைக்குக் காசு இல்லை. மச்சான் சீமெந்துக் கடையில் கடன். சல்லி வந்தால் கடனுக்குப் போகும், கடன் அடைந்தால் கம்பி வாங்க மறுபடி கடன்.

அன்றிரவு அவள் எல்லாச் சொல்லையும் வாக்கியத்தில் அமைத்துக் கொப்பியை நீட்டினாள். தப்பினான், பிழைத்தான், மீண்டான் எல்லாம் கதைகளிலிருந்தே எழுதியிருந்தாள். கடைசிச் சொல்லுக்கு மட்டும், "என் உம்மா இன்னும் கரையேறவில்லை" என்று இருந்தது.

சரி போட்டேன். வேறென்ன போடுவது?

"இதப் படம் எடுத்து உம்மாவுக்கு அனுப்பட்டா சாச்சி?" என்று கேட்டாள். வேண்டாம் மகள், வேலை முடிஞ்சு உம்மா கோல் எடுக்கும்போது வீட்டைப் பற்றி நீயே பேசு என்றேன். கூரை போடாவிட்டாலும் பரவாயில்லை, வந்துவிடுங்கள் என்று சொல்லப் போகிறாளாம்.