79-க்கு மேல் இடமில்லை

சீட்டு ஆடுகிறவர்களுக்கு இது தெரிந்த சங்கதிதான். ஆடாதவர்கள் கொஞ்சம் பொறுமையாக வாசிக்க வேண்டும், கணக்கு வருகிறது.

1980-களின் கடைசியில் ஆரப்பாளையத்தில் எங்கள் தெருவில், ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஒரு மொட்டைமாடியில் 101 ரம்மி நடக்கும். ஆறு பேர், இரண்டு கட்டுச் சீட்டு, ஆளுக்குப் பத்து ரூபாய். நோட்டு எழுதுவது மில்லில் மேஸ்திரியாக இருந்து ஓய்வுபெற்ற ஒரு அண்ணன். குரு தியேட்டரில் இரண்டாம் ஆட்டம் விட்டு ஜனங்கள் பேசிக்கொண்டு போகிற சத்தம் கேட்டதும் நோட்டை மூடிவிடுவார்.

கை சரியில்லை என்றால் முதலிலேயே ஸ்கூட் விடலாம், 20 பாயின்ட். நடுவில் விட்டால் 40. லைஃப் சேராமல் மாட்டிக்கொண்டால் கையில் இருப்பதை எல்லாம் எண்ணுவார்கள், அதிகபட்சம் 80. 101 தொட்டால் அவுட். அவுட் ஆனவன் திரும்பப் பணம் கட்டி உள்ளே வரலாம், அதற்குப் பெயர் ரீஜாயின். ஆனால் மிச்சம் இருப்பவர்களில் யாரும் 79-ஐத் தாண்டியிருக்கக் கூடாது. வருகிறவன், அதிகப் பாயின்ட் வைத்திருப்பவரைவிட ஒன்று கூடுதலாக எடுத்துக்கொண்டு உட்கார வேண்டும்.

அது என்ன 79? இருபது வருஷம் ஆடியவர்களுக்கே பதில் தெரியாது. மேஸ்திரி அண்ணன்தான் சொன்னார்: "80-ல உக்காருறவன் ஒரு ஸ்கூட் விட்டா 100. உசுரு இருக்கும். 81-ல உக்காந்தா அதுவும் கிடையாது. ஒரு ஸ்கூட்டுக்குக்கூட வழியில்லாதவன்ட்ட காசு வாங்கக் கூடாது தம்பி." 201 ஆட்டத்திலும் இதே கணக்குதான். அங்கே ஸ்கூட் 25, எல்லை 174. 175-ல் உட்கார்ந்து ஒரு ஸ்கூட் விட்டால் 200. யார் போட்ட விதியோ, நல்ல மனுஷன்.

போக்கர் பந்தயங்களிலும் இது உண்டு. அங்கே ஆரம்பச் சுற்றுகளில் சில்லு தீர்ந்தவன் மறுபடி பணம் கட்டினால், முதலில் கொடுத்த அளவு சில்லு முழுசாகக் கிடைக்கும். குறிப்பிட்ட சுற்றோடு அந்த வாசலை அடைத்துவிடுவார்கள். நம் ரம்மியில் அப்படி இல்லை. திரும்பி வருகிறவன் வரிசையில் கடைசி ஆள்.

அதனால் ரீஜாயின் போடுவதற்கு முன் எல்லோரும் மேலே இருக்கிற எண்ணைப் பார்ப்பார்கள். 39 என்றால் நமக்கு மூன்று ஸ்கூட், 59 என்றால் இரண்டு, 79 என்றால் ஒன்று. அது பாதிக் கணக்குதான். கீழே இருக்கிற எண்ணையும் பார்க்க வேண்டும். எல்லோரும் 65-க்கு மேல் நெருங்கிக் கிடந்தால், 80-ல் உட்கார்ந்தாலும் நாமும் அவர்களும் ஒரே படகு. ஒருத்தன் 14-ல் உட்கார்ந்திருந்தால் அவனுக்கு இன்னும் நாலு ஸ்கூட் இருக்கிறது. அவன் சாவகாசமாக நல்ல கைக்குக் காத்திருப்பான், நாம் வந்த கையை ஆடியே தீர வேண்டும்.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு தீபாவளிக்கு முந்தின ஞாயிறு. போனஸ் வந்த வாரம், ஆளுக்கு ஐம்பது என்று ஏற்றிவிட்டார்கள். சட்டைப் பையில் முந்நூறு ரூபாய், தையல்கூலியும் பட்டாசும் அதில்தான். 32-ல் இருந்தவன் லைஃப் சேராமல் ஃபுல் வாங்கி 112-ல் அவுட். மேலே 74. ரீஜாயின் போட்டேன். கீழே எதிர்வீட்டுப் பையன் 14-ல் இருந்ததைப் பார்க்கவே இல்லை. அடுத்த கையில் ஸ்கூட், 95. அதற்கடுத்த கை விட முடியாத கை, பதினெட்டுக்கு மாட்டினேன்.

"மேல 78தான்ணே இருக்கு, இன்னொண்ணு போடுறேன்" என்றேன். அவர் என் பெயர் மேல் கோடு இழுத்தார். "இந்த மாடியில ஆளுக்கு ஒரு தடவைதான்."

எனக்கு ரோஷம். இறங்கி நேராக ஒரு மனமகிழ் மன்றத்துக்குப் போனேன். அங்கே எத்தனை தடவை வேண்டுமானாலும் உட்காரலாம், நோட்டு எழுதுகிறவரே கடனும் தருவார். இருந்த இருநூறும் போய், நானூறு கடனோடு வீட்டுக்கு வந்தபோது தெருவில் கோலம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

மனைவி திட்டியிருந்தால் தேவலை. தையல்காரரிடம் அவளே போய், கூலியைப் பொங்கலுக்குத் தருவதாகச் சொல்லித் துணிகளை வாங்கி வந்தாள். கடனுக்கு அவள் தோடு அடகுக்குப் போனது. மீட்டபோது சித்திரைத் திருவிழா முடிந்திருந்தது.

அடுத்த ஞாயிறு மாடிக்குப் போனேன். அண்ணனுக்கு விஷயம் எட்டியிருந்தது. "உனக்கு ஒரு வருஷத்துக்கு ரீஜாயின் கிடையாது" என்றார். சரிண்ணே என்றேன்.

1967-ல் செகந்திராபாத் மன்றம் ஒன்றின் வழக்கில் உச்ச நீதிமன்றம், ரம்மி மூணு சீட்டு மாதிரி அல்ல, பெரும்பாலும் திறமை சார்ந்த ஆட்டம் என்றது. ஆட்டத்துக்கு அது சரி. ரீஜாயின் பணத்தை எடுக்கிற கைக்கு என்ன திறமை என்று யாரும் கேட்கவில்லை.

கோவிட் சமயத்தில் தம்பி மகன் போனில் ஆடிக்கொண்டிருந்தான். அவுட் ஆனதும் திரையில் கேள்வி வரும், பக்கத்தில் விநாடி குறைந்துகொண்டே போகும். அதே 79. "ஏன் 79 தெரியுமாடா?" என்றேன். "ரூல் பெரியப்பா." எவ்வளவு போனது என்று அவன் இன்றுவரை முழுத் தொகையைச் சொல்லவில்லை. வண்டியை விற்றது மட்டும் தெரியும். 2025 ஆகஸ்டில் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை நாடாளுமன்றம் தடை செய்தபோது அவன் அப்பா எனக்கு போன் பண்ணி, ஒன்றும் பேசாமல் கொஞ்ச நேரம் இருந்தான்.

இப்போது சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டு வராண்டாவில் நாலு கிழவர்கள் ஆடுகிறோம். புளியங்கொட்டைதான், ஆளுக்குப் பத்து. நோட்டு என்னிடம். போன வாரம் மேலே 76 இருக்கும்போது அந்த 14-காரர், இப்போது அவருக்கும் அறுபது தாண்டிவிட்டது, இரண்டாவது ரீஜாயின் கேட்டார். புளியங்கொட்டைதானே என்றார். பெயர் மேல் கோடு இழுத்தேன். கோபித்துக்கொண்டு எழுந்து போய், நாலு பேருக்கும் டீ வாங்கிக்கொண்டு வந்தார்.