பெயர் கேட்டவர்கள்

தெருவில் நின்று சமயம் பேசுகிறவர் உயிரோடிருப்பவர்களைப் பார்த்துப் பேசுகிறார். கேட்டு நிற்பவரோடு அவருடைய இறந்தவர்களும் கூட நின்று கேட்கிறார்கள். பேசுகிறவர் கண்ணுக்கு அவர்கள் தெரிவதில்லை. எங்கள் அப்பத்தா இறந்த 2014ஆம் வருடத்தில் இதை நாங்கள் இரண்டு ஊர்களில், ஒரே வாரத்தில் கண்டோம். ஒன்று மம்சாபுரம். மற்றது அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துத் தலைநகரான சால்ட் லேக் சிட்டி.

நாங்கள் என்பது ஒரே வீட்டில் வளர்ந்த ஐந்து பேரப்பிள்ளைகள். எங்களில் இளையவன் அப்போது சால்ட் லேக் சிட்டியில் வேலையில் இருந்தான். மற்ற நால்வரும் மதுரைக்கும் ராஜபாளையத்துக்கும் இடையில் பிழைத்துக்கொண்டிருந்தோம். அவன் கண்டதையும் எங்கள் கண்ணால் கண்டதாகவே இங்கே சொல்கிறோம். அப்பத்தாவின் பேரப்பிள்ளைகள் எதையும் தனித்தனியாக வைத்துக்கொண்டு பழகியவர்கள் அல்லர்.

மம்சாபுரத்தில் தெருப்பிரசங்கம் புதிதல்ல. ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் இடையில், மேற்கே மலையைப் பார்த்துக் கிடக்கிற இந்த ஊர்ப்பக்கமெல்லாம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருநெல்வேலி ஜில்லாவைச் சேர்ந்தது. 1910இல் இராமநாதபுரம் ஜில்லாவும் 1985இல் இன்றைய விருதுநகர் மாவட்டமும் உண்டாயின. 1854இல் தாமஸ் ராக்லண்ட் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் சிவகாசியை மையமாக வைத்து வடதிருநெல்வேலியில் ஊர் ஊராகச் சுற்றும் ஊழியத்தைத் தொடங்கினார். கேம்பிரிட்ஜில் கணிதத்தில் பெயர் எடுத்தவர் அவர். பங்களா கட்டிக்கொண்டு உட்காராமல் கூடாரத்தில் தங்கினார். தெற்கே ஏற்கெனவே நிலைபெற்றிருந்த சபைகளிலிருந்து உபதேசியார்கள் வந்து அவருடன் ஊர்களுக்குள் நடந்தார்கள். நான்கே வருடங்களில், 1858 அக்டோபரில், சிவகாசியிலேயே இறந்துபோனார். இன்றைக்கு ஒலிபெருக்கியும் கைப்பிரதிக் கட்டுமாக வேனில் வந்து இறங்குகிறவர்களில் எத்தனை பேர் அவர் பெயரைக் கேட்டிருப்பார்களோ, ஆனால் அவர் போட்ட வழியில்தான் வருகிறார்கள்.

எங்கள் வீட்டில் அவர்களை யாரும் விரட்டியதில்லை. வெயிலில் வருகிறவருக்கு ஒரு செம்பு தண்ணீர் என்பது அப்பத்தாவின் சட்டம். ஒருமுறை திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்த ஓர் இளைஞரிடம் அவள் கேட்டாள்: “ஏந்தம்பி, எங்காத்தா நீ சொல்ற பேரக் கேக்காமலே செத்துப் போனா. அவ இப்ப எங்க இருப்பா?” அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அது ஆண்டவருக்குத்தான் தெரியும் பாட்டி” என்றார். அப்பத்தாவுக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. “தெரியாததத் தெரியாதுன்னு சொல்லுது, நல்ல புள்ள” என்று இரண்டு நாள் சொல்லிக்கொண்டிருந்தாள். அடுத்த வருடம் வந்த வேறொருவரிடம் அதே கேள்வியைக் கேட்டாள். அவர் ஐயமின்றி, தயக்கமின்றிப் பதில் சொன்னார். அப்பத்தா செம்பை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

இந்தக் கேள்வியின் வயது மிகப் பெரியது. முத்துக்குளித்துறையில் பரதவர்களிடையே தமிழ் ஜெபங்களை மனப்பாடம் செய்வித்துக்கொண்டு திரிந்த பிரான்சிஸ் சவேரியார், பின்னர் 1549இல் ஜப்பானுக்குச் சென்றார். திரும்பிவந்து 1552 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில், ஜப்பானில் புதிதாகச் சேர்ந்தவர்களைப் பெரிதும் வருத்திய ஒன்றைப் பற்றிச் சொல்கிறார். தங்கள் தாய் தந்தையரையும் முன்னோரையும் நரகத்திலிருந்து மீட்க வழியுண்டா என்று அவர்கள் கேட்டிருக்கிறார்கள். இல்லை என்று அவர் சொன்னதும் அழுதிருக்கிறார்கள். அந்த அழுகை தமக்கும் வேதனை தந்ததை அவர் மறைக்கவில்லை. பதிலை மாற்றவுமில்லை.

2014 ஏப்ரல் 2ஆம் தேதி விடியற்காலையில் அப்பத்தா இறந்தாள். பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடிக்க வேண்டும். ஐந்து பந்தங்களில் ஒன்றைச் சித்தப்பாவின் மூன்று வயதுப் பேரன் கையில் கொடுத்து, அவன் கையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டோம். அந்தப் பந்தத்துக்கு உரியவன் பதினொன்றரை மணி நேரம் பின்தங்கிய ஓர் ஊரில் தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு, நீர்மாலை போய் வந்தவர்களின் சலசலப்பையும் ஒப்பாரியையும் கேட்டுக்கொண்டிருந்தான்.

மூன்றாம் நாள் மாலை தெருமுனையில் ஒரு பிரசங்க வேன் நின்றது. வீட்டில் கேதம் கேட்க வந்தவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். மரணத்தைப் பற்றியும் அதற்குப் பிறகு திறந்திருக்கிற இரண்டு வாசல்களைப் பற்றியும் ஒலிபெருக்கி சொல்லிக்கொண்டிருந்தது. அப்பா போய் விஷயத்தைச் சொன்னார். உடனே நிறுத்திவிட்டார்கள். அவர்களில் மூத்தவர் ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்து திண்ணையில் அரைமணி நேரம் அமைதியாக உட்கார்ந்திருந்தார். “என்ன வயசு? படுக்கையில கெடந்தாங்களா?” என்று கேட்டார். வந்தவர்கள் எல்லோரும் அந்த இரண்டு கேள்விகளைத்தான் கேட்டார்கள். பெயரை யாரும் கேட்கவில்லை. எங்கள் பக்கத்துச் சாவு வீடுகளில் அது வழக்கமில்லை. எழுபது வருடமாக அவள் மதினி, பெரியம்மா, அப்பத்தா, அல்லது பிறந்த ஊரைச் சொல்லி இன்ன ஊர்க்காரி. அவளுடைய பெயர் ரேஷன் கார்டில் ஒருவிதமாகவும் வாக்காளர் பட்டியலில் வேறுவிதமாகவும் இருப்பதே பேரூராட்சி அலுவலகத்தில் இறப்பைப் பதிவு செய்யப் போனபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

அதே வார இறுதியில், ஏப்ரல் 5, 6 தேதிகளில், சால்ட் லேக் சிட்டியில் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்துவின் சபையுடைய மாநாடு. உலகம் அவர்களை மார்மன்கள் என்று அழைத்துப் பழகிவிட்டது. 2018 முதல் அந்தப் பெயரைத் தவிர்க்கும்படி சபை கேட்டுக்கொண்டு வருகிறது. ஏப்ரலிலும் அக்டோபரிலும் நடக்கிற இந்த மாநாடுகளுக்கு, இருபதாயிரம் பேருக்கு மேல் அமரக்கூடிய மண்டபத்துக்குக் குடும்பம் குடும்பமாக வருவார்கள். வெளியே நடைபாதையில் வேறு கிறிஸ்தவர்கள் நின்று அவர்களுக்குப் பிரசங்கம் செய்வார்கள். உங்கள் தீர்க்கதரிசி பொய்யர், பைபிளுக்கு மேல் வேறொரு வேதம் வைத்திருக்கிறீர்கள், நீங்கள் போகுமிடம் நரகம் என்று பதாகை பிடித்துக் கூவுவார்கள். கோயிலை ஒட்டிய தெருவின் ஒரு பகுதியைச் சபை 1999இல் நகராட்சியிடம் விலைக்கு வாங்கியபோது, அங்கே பேசும் உரிமை யாருக்கு என்பது நீதிமன்றம் வரை போயிருக்கிறது. உலகமெங்கும் இருவர் இருவராகக் கதவு தட்டிப் பிரசங்கிப்பவர்கள் மார்மன்கள். சொந்த ஊரில் அவர்களே பிரசங்கத்துக்கு ஆளாகி நிற்கிறார்கள். தம்பி சனிக்கிழமை அந்த வழியாக நடந்தான். பேசுகிறவரின் குரல் தொண்டையில் உடையும் இடம்கூட மம்சாபுரம் போலவே இருந்தது என்றான். குழந்தைகளின் கையைப் பிடித்தபடி கடந்து போனவர்கள் யாரை இழந்தவர்களோ என்று நினைத்துக்கொண்டானாம்.

அந்தச் சபையின் ஒரு முக்கியமான நம்பிக்கையே இப்படியொரு சாவு வீட்டுப் பிரசங்கத்துக்குப் பிறகு வளர்ந்தது என்பது அவனுக்கு அப்போது தெரியாது. 1823 நவம்பரில் ஜோசப் ஸ்மித்தின் அண்ணன் ஆல்வின் இருபத்தைந்து வயதில் இறந்தார். ஞானஸ்நானம் பெறாதவர். அடக்கத்தில் பேசிய போதகர், அவர் நரகத்துக்குத்தான் போயிருப்பார் என்று படும்படிப் பேசியதாக அவர்களுடைய இன்னொரு சகோதரர் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். 1836இல் ஆல்வினை மேலுலகில் கண்டதாக ஜோசப் ஸ்மித் சொன்னார். 1840இல் இறந்தவர்களுக்காக உயிரோடிருப்பவர் ஞானஸ்நானம் பெறலாம் என்று போதித்தார். பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் பதினைந்தாம் அதிகாரத்தில் வருகிற ஒரு வசனம் அவர்களுக்கு ஆதாரம். மற்ற கிறிஸ்தவர்கள் அந்த வசனத்துக்கு அப்படிப் பொருள் கொள்வதில்லை. பன்னிரண்டு எருதுச் சிலைகள் தாங்கும் தொட்டியில் ஒருவர் முழுகி எழுகிறார். இறந்தவரின் பெயர் உச்சரிக்கப்படுகிறது. ஏற்பதும் மறுப்பதும் மறுமையில் அந்த இறந்தவரின் விருப்பம் என்கிறார்கள்.

அதற்குப் பெயர் வேண்டும். ஆகவே 1894இல் வம்சாவளிச் சங்கம் ஒன்றை ஏற்படுத்தினார்கள். உலகெங்குமுள்ள பதிவேடுகளைப் படமெடுத்து, சால்ட் லேக் சிட்டிக்கு அருகே கருங்கல் மலையைக் குடைந்த அறைகளில் சேர்த்தார்கள். ஏறத்தாழ 24 லட்சம் நுண்படச் சுருள்கள். 2021இல் அவற்றைக் கணினிக்கு மாற்றும் வேலை முடிந்தது. ஹரித்வார் பண்டாக்கள் யாத்திரிகர்களின் தலைமுறைகளை எழுதிவைத்த பேரேடுகளும் அவர்கள் படமெடுத்தவற்றில் உண்டு.

திங்கட்கிழமை தம்பி அவர்களுடைய குடும்ப வரலாற்று நூலகத்துக்குள் போனான். 1985 முதல் அந்தக் கட்டடத்தில் இயங்குவது. யாரும் கட்டணமின்றிப் போகலாம். எதற்குப் போனான் என்று கேட்டால் இன்றும் அவனுக்குச் சொல்லத் தெரியாது. தன்னார்வத்தில் உதவிக்கு இருந்த ஒரு மூதாட்டி அவனை உட்காரச் சொல்லி, யாரைத் தேடுகிறாய் என்றார். பாட்டி இறந்துவிட்டாள், போன வாரம் என்றான். அவர் வருத்தம் சொல்லிவிட்டு, “பாட்டியின் பெயர் என்ன?” என்று கேட்டார். அந்த ஊரில் அப்பத்தாவின் பெயரைக் கேட்ட முதல் ஆள் அவர்தான். பெயரைச் சொன்னான். அதை எப்படி உச்சரிப்பது என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். அடுத்து, “அவருடைய தாயாரின் பெயர்?” என்றார். அவனிடம் பதில் இல்லை.

இரவு எங்களை அழைத்தான். அப்பாவுக்குத் தெரியவில்லை. அத்தைகளுக்கும் தெரியவில்லை. ‘ஆத்தா’ என்றுதான் அப்பத்தா சொல்வாள். அந்த ஆத்தாவுக்கு ஒரு பெயர் இருந்திருக்கும் என்ற எண்ணமே எங்கள் யாருக்கும் வந்ததில்லை. ஏப்ரல் 17, பதினாறாம் நாள். விசேஷத்துக்கு அப்பத்தாவின் பிறந்த ஊரிலிருந்து அவளுக்கு ஒன்றுவிட்ட தங்கை முறையான ஒரு கிழவி வந்திருந்தாள். எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு அவளைத் திண்ணையில் உட்காரவைத்துக் கேட்டோம். வெற்றிலையை மென்றுகொண்டே ஒரு பெயரைச் சொன்னாள். அப்புறம் அந்தப் பெயருக்கு மேலே இன்னொரு பெயரையும் சொன்னாள். பதினாறு நாளில் அப்பா அழுதது அப்போதுதான். அதே வாரத்தில், 24ஆம் தேதி நடக்கவிருந்த நாடாளுமன்றத் தேர்தலுக்காக அப்பத்தாவுக்கும் வாக்காளர் சீட்டு வந்தது. அதில் அவள் பெயரும் தாத்தா பெயரும் மட்டும் இருந்தன.

அந்த இரண்டு பெயர்களையும் நூலகத்தில் கொடுப்பதா என்று நாங்கள் ஐந்து பேரும் பலநாள் பேசினோம். கேட்டவர்மேல் எங்களுக்கு நன்றி இருந்தது. அவர் கேட்டிராவிட்டால் அந்தக் கிழவியோடு அவையும் போயிருக்கும். அடுத்த தை மாதம் அவளும் இறந்துவிட்டாள். ஆனாலும், இறந்தவரின் பெயரை என்ன செய்யலாம் என்பதைத் தீர்மானிக்கிறவர் யார் என்பது சிறிய கேள்வி அல்ல. நாஜிகளால் கொல்லப்பட்ட யூதர்களின் பெயர்களுக்கு இப்படி ஞானஸ்நானம் நடந்தது தெரியவந்து, 1995இல் யூத அமைப்புகளுடன் அந்தச் சபை ஓர் உடன்பாட்டுக்கு வந்தது. 2008இல் பங்குப் பதிவேடுகளைப் படமெடுக்கக் கொடுக்க வேண்டாம் என்று வத்திக்கான் மறைமாவட்டங்களுக்கு அறிவுறுத்தியது. சொந்தக் குடும்பத்தார்தான் பெயர் தர வேண்டும் என்பதே சபையின் விதி. அந்தச் சொந்தக் குடும்பம் நாங்கள். செம்பை வாங்கிக்கொண்டு உள்ளே போன அப்பத்தா எங்களுக்கு ஞாபகத்தில் இருந்தாள். கொடுப்பதில்லை என்று முடிவு செய்தோம். இந்தக் கட்டுரையிலும் அப்பெயர்களை எழுதாததற்குக் காரணம் அதுவே.

ஆடி அமாவாசையன்று ஊரில் பாதிப்பேர் சதுரகிரிக்குப் போய்விடுவார்கள். நாங்கள் வீட்டிலேயே இலை போட்டு, மூன்று தலைமுறைப் பெண்களின் பெயர்களை வாய்விட்டுச் சொல்கிறோம். ஆண்களின் பெயர்களை மட்டும் அடுக்கிக்கொண்டிருந்த வீடு அது. துக்கம் ஆறிவிட்டது என்று சொல்ல மாட்டோம். அதற்குச் செய்வதற்கு ஒரு வேலை கிடைத்திருக்கிறது. பிண்டம் வைப்பவர்களும் தொட்டியில் முழுகுகிறவர்களும் தேடியது இதைத்தான் என்று நினைக்கிறோம். தெருப்பிரசங்கத்தில் இறந்தவர்களுக்காக யாரும் எதையும் செய்ய இடமில்லை. கேட்கிறவர்கள் அதனால்தான் மௌனமாகக் கலைகிறார்களோ என்னவோ.

பிரசங்கிகள் இப்போதும் வருகிறார்கள். தண்ணீர் கொடுப்பது அம்மாவின் முறை. இரண்டு வருடங்களுக்கு முன் கைப்பிரதியோடு வந்த ஒரு பையனிடம் அம்மா கேட்டாள்: “தம்பி, ஒங்க பாட்டி பேரு என்ன?” அவன் சொன்னான். “அவுக ஆத்தா பேரு?” அவன் யோசித்துவிட்டு, “வீட்ல கேட்டுட்டு வந்து சொல்றேம்மா” என்றான். அடுத்த மாதம் வந்தபோது பையிலிருந்து எதையும் எடுப்பதற்கு முன் அந்தப் பெயரைச் சொன்னான்.