‘ஓன்லி’ என்னும் சொல்

வடநாட்டில் வாழும் நம்மவர் பேசும் ஆங்கிலத்தில் ‘ஓன்லி’ என்னும் சொல் ஓயாது வரும். “டுமாரோ ஓன்லி” என்கிறோம். நாம் கருதுவது ‘நாளைக்கேதான்’ என்னும் உறுதி. ஆங்கிலேயர் கொள்வதோ ‘நாளை மட்டும், வேறு நாளில் இல்லை’ என்பது.

இம்மயக்கத்தின் வேர் நம் இலக்கணத்தில் இருக்கிறது. தொல்காப்பியர் ஏகாரத்திற்குக் கூறும் 5 பொருள்களுள் தேற்றமும் உண்டு, பிரிநிலையும் உண்டு. ‘தான்’ என்பதும் இவ்விரு பணிகளையும் செய்கிறது. ஹிந்தியின் ‘ஹீ’யும் அத்தகையதே. ஆகவே அண்டை வீட்டாருடன் பேசுகையில் நமக்குக் குழப்பம் நேர்வதில்லை. ஆங்கிலச் சொல்லோ பெரும்பாலும் பிரிநிலையோடு நின்றுவிடும். காசோலையில் ‘ரூபாய் ஐந்நூறு ஓன்லி’ என்றெழுதுவது, தொகைக்குப் பின் எதையும் சேர்க்கவொட்டாமல் தடுப்பதற்கே.

வேலைக்கு மனு எழுதும் இளைஞர் இதனைக் கருத வேண்டும். ‘கணக்குப் பிரிவில்தான் இருந்தேன்’ என்பதை ‘ஓன்லி’ சேர்த்து எழுதினால், வேறெந்த வேலையும் அறியாதவர் என்று மேலதிகாரி எண்ணக்கூடும். அங்கே அச்சொல்லை விலக்குதலே நன்று.

வீட்டில் குழந்தைகள் ‘ஓன்லி’ என்றால் கடிந்துகொள்ள வேண்டா. அது பிழையான ஆங்கிலம் என்பதினும், அவர்கள் நாவில் நிற்கும் தமிழ் ஏகாரம் என்பதே பொருந்தும். இரண்டின் வேற்றுமையையும் எடுத்துச் சொன்னால் இரு மொழியும் தெளிவாகும்.