மாவள்ளியில் ஒரு காலைப் பலகாரம்

பெங்களூரு
ஞாயிறு மதியம்

அன்புள்ள கல்யாணி,

லால்பாக் பூக்களைப் பற்றி விரிவாக எழுதச் சொன்னாய். அது அடுத்த கடிதத்தில். தங்கியிருக்கும் விடுதியில் காபி என்று கொடுத்த வெந்நீரைக் குடித்துவிட்டு எரிச்சலோடு கிளம்பிய என்னை, லால்பாக் ரோடு மாவள்ளி டிபன் ரூம்ஸ்தான் மனுஷியாக்கி அனுப்பியது.

ரவா இட்லி சாப்பிட்டேன். முந்திரி, கடுகு, கறிவேப்பிலை. பக்கத்தில் உருளைக்கிழங்கு சாகு, சட்னி, சின்னக் கிண்ணத்தில் உருக்கிய நெய். நெய்யை முழுக்க ஊற்றிக்கொண்டேன், நீ திட்டினாலும் சரி. இரண்டாம் உலகப் போரில் பர்மா ஜப்பான் வசமாகி அரிசி வரத்து நின்றபோது, ரவையை வைத்து இந்தக் கடைக்காரர்கள் செய்து பார்த்த பலகாரமாம் இது. தட்டுப்பாடு போயும் இட்லி நிலைத்துவிட்டது.

மையா சகோதரர்கள் 1924-ல் தொடங்கிய கடை. யக்ஞநாராயண மையா 1951-ல் ஐரோப்பா போய், அங்கத்திய உணவகங்களின் சுத்தத்தைப் பார்த்து வந்து இங்கும் அதைக் கட்டாயமாக்கினார். 1960-ல் இந்த இடமும் இந்தப் பெயரும் வந்தன. நெருக்கடி நிலையின்போது அரசு பலகார விலையை அடிமட்டத்துக்கு இறக்கியது. சரக்கை மட்டமாக்க மனமில்லாமல் நஷ்டத்தைத் தாங்கினார்கள். முடியாதபோது கடையையே மூடினார்கள். ரவா இட்லி மாவைப் பொட்டலம் கட்டி விற்று வேலையாட்களைக் காப்பாற்றினார்கள். பிறகு கடையைத் திறந்தார்கள். பொட்டலத் தொழில் 2007-ல் நார்வேயின் ஓர்க்லா நிறுவனத்துக்குப் போனது. கடை குடும்பத்திடமே இருக்கிறது.

இதையெல்லாம் பார்த்ததும் நம் ஊர்க் கடைத்தெரு காபி கிளப்பை நினைத்து வயிறு எரிந்தது, கல்யாணி. புதுப்பிக்கிறோம் என்று கிரானைட் பதித்தார்கள், விறகடுப்பை இடித்தார்கள், சரக்கு மாஸ்டரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். ரவா தோசையின் முறுகல் அவரோடு போயிற்று. சுவரும் நாற்காலியும் எத்தனை முறை மாறினாலும் பாதகமில்லை. கரண்டி பிடித்த கை ஓயும் முன், அதன் பக்குவம் அடுத்த கைக்குப் போய்ச் சேர வேண்டும். கடை பிழைப்பது அதில்தான்.

கிளப் முதலாளியின் மகன் உன் வீட்டுக்காரரோடு படித்தவர்தானே? மாஸ்டர் திடமாக இருக்கும்போதே நாலு பையன்களுக்குக் கற்றுக்கொடுக்கக் கூப்பிடச் சொல்லேன். தயங்கினால் நான் வந்ததும் இரண்டு பேருமாகப் போய்க் கேட்போம்.

அன்புடன்,
மைதிலி